கையெழுத்துக் கவாத்து

(ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பயிற்சி மருத்துவர்களுக்குக் காவல் துறைப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். உங்கள் ஊர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

உட்காருங்கள் டாக்டர்களே, உட்காருங்கள். நான் உள்ளே வந்ததும் எழுந்து நின்றீர்கள். மரியாதைக்கு நன்றி. கேஷுவாலிட்டி டூட்டி தொடங்கட்டும். காக்கியைப் பார்த்தால் எழுந்து நிற்க மட்டுமல்ல, எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்தவும் கற்றுக்கொள்வீர்கள்.

நான் கவாத்துக்காரன். புதிதாக வரும் பிள்ளைகளை மைதானத்தில் வெயிலில் நிறுத்தி, இடது கால் எது, வலது கால் எது, "எஸ் ஐயா" எப்போது, "எனக்குத் தெரியாது ஐயா" எப்போது என்று சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. எனக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, சம்பந்தம் உண்டாகிவிட்டது. மருத்துவமனைப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி, ஒரு நாள், மதியச் சாப்பாடு உண்டு.

காரணம் உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை, அவர் பணியில் இருந்தபோதே கத்தியால் குத்தினான் ஒருவன். குத்தியவன், அங்கே சிகிச்சை பெற்ற ஒரு தாயின் மகன். மருத்துவர்கள் கொதித்தார்கள், அரசு விழித்துக்கொண்டது. புறக்காவல் நிலையம் என்றார்கள், கேமரா என்றார்கள், நோயாளியோடு வருகிறவர்களுக்குக் கைப்பட்டை என்றார்கள். கத்தியோடு வருகிறவனும் இனிமேல் பட்டை கட்டிக்கொண்டுதான் வர வேண்டும். மருத்துவமனையில் வன்முறை செய்தால் 10 வருஷம் வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டாயிற்று. குத்து விழுந்த அன்று அந்தச் சட்டத்துக்கு வயது 16. அது எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள், ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றிருக்கும்.

சரி, பாடம். ஒருவன் உங்கள் மணிக்கட்டைப் பிடித்தால், அவன் கட்டைவிரல் இருக்கும் பக்கமாகத் திருப்பி வெடுக்கென்று இழுக்க வேண்டும். எங்கே, எல்லாரும் செய்து பாருங்கள். நன்று. ஒரு கையில் கேனுலா, இன்னொரு கையில் செல்போன் டார்ச், காதில் வார்டிலிருந்து போன், எதிரே இருபது சொந்தக்காரர்கள், நீங்கள் கடைசியாகத் தூங்கியது முந்தாநாள் என்றால் என்ன செய்வது என்று அந்தத் தம்பி கேட்கிறார். அது என் பாடத்திட்டத்தில் இல்லை, டாக்டர். நாலு பேர் பார்க்க வேண்டிய கூட்டத்தை ஒருவரே பார்க்கிறார். ஸ்கேனுக்கு ஏன் காத்திருக்க வேண்டும், அம்மாவுக்கு என்ன ஆகிறது என்று அந்த மகனிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் கிடையாது. தெரியும். ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு சுற்றறிக்கையும் சாப்பாட்டுப் பொட்டலமும் போதும். அதனால் அரசு உங்களுக்கு ஆள் அனுப்பவில்லை, என்னை அனுப்பியிருக்கிறது.

பெண் டாக்டர்கள் கொல்கத்தாவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரிந்தே வந்தேன். 2024 ஆகஸ்ட் 9, ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி. மணிக்கணக்காக டூட்டி பார்த்த பெண் மருத்துவர், ஓய்வெடுக்கத் தனி அறை இல்லாமல் கருத்தரங்கக் கூடத்தில் படுத்தார். பாலியல் வன்கொடுமை, கொலை. 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றவன் யார்? வழிதவறி வந்த திருடனா? கொல்கத்தா காவல் துறையின் குடிமைத் தன்னார்வலன். காவல் துறை பெயரில் பதிவான பைக்கில் திரிந்தவன். மருத்துவமனைக்குள் எந்த நேரமும் அவனை யாரும் தடுக்காததற்குக் காரணம், அவன் பாதுகாப்புப் பக்கத்து ஆள் என்பதுதான். அதற்குப் பிறகு மேற்கு வங்க அரசு என்ன செய்தது தெரியுமா? பெண்களுக்கு இரவுப் பணியைக் கூடியவரை தவிர்க்கலாம் என்றது. ஒப்பந்தக் காவலாளிகளை ஏழு நாள் பயிற்சி கொடுத்து நிறுத்தலாம் என்றது. இரண்டையும் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ஏழு நாள் போதாதாம்! என்னைப் பாருங்கள், மதியம் ஒரு மணிக்குள் உங்களை முழுப் பாதுகாப்பாக ஆக்கிவிட்டுப் போகிறேன்.

இதோடு உத்தரவில் இருந்த பாடம் முடிந்தது. டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்துங்கள் தம்பி.

இனிமேல் சொல்லப்போவது எந்த உத்தரவிலும் இல்லாத பாடம். ஆனால் நூறு வருஷமாக இந்தக் கட்டடத்தில் தவறாமல் நடக்கும் ஒரே வகுப்பு இதுதான். கத்தி எப்போதாவது ஒரு முறை வரும், டாக்டர். நாங்கள் தினமும் வருவோம்.

இரவு இரண்டு மணி. மூன்று காவலர்கள், நடுவில் ஒரு எதிரி. எதிரி என்றால் எங்கள் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவன். கோர்ட்டிலும் அப்படித்தான், தப்பாக நினைக்காதீர்கள். அவன் நடை சரியில்லை. ஏட்டையா ஒரு மெமோவை நீட்டுவார். "டாக்டர், ரிமாண்டுக்கு ஒரு ஃபிட்னஸ்." இங்கேதான் என் கவாத்து தொடங்குகிறது. ஐஸ் ரைட்! கண் எதிரியின் மேல் போகக் கூடாது, படிவத்தின் மேல் போக வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே வையுங்கள். சட்டையைக் கழற்றச் சொன்னால் சட்டைக்கு அடியில் இருப்பதை எழுத வேண்டிவரும், எழுதினால் அது கோர்ட்டுக்குப் போகும், போனால் நீங்களும் போக வேண்டும். காவலர்களை வெளியே நிற்கச் சொல்லாதீர்கள், அவர்கள் இருந்தால்தான் எதிரி உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்வான். "ஏதாவது வலி இருக்கா?" "இல்லைங்க." பார்த்தீர்களா, அரை நிமிஷம். உங்கள் மெடிசின் புரொபசருக்கு நோயாளியின் வாயிலிருந்து வரலாறு எடுக்க அரை மணி ஆகும்.

ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் எழுதுகிற நடை உங்களுக்குச் சீக்கிரமே பழகிவிடும். "தெரிந்த நான்கு நபர்கள் மரக்கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார்." அழகான வாக்கியம்! தெருச்சண்டைக்கு அப்படியே எழுதுங்கள். நாங்கள் கூட்டிவருகிறவர்களுக்கு மட்டும் எழுதாதீர்கள். அந்த நான்கு பேரும் உங்களுக்கும் தெரிந்த நபர்கள். இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்.

அப்படியானால் காயத்துக்கு என்ன எழுதுவது? பாத்ரூம்! தமிழ்நாட்டுக் காவல் துறையின் மிகச் சிறந்த அதிகாரி பாத்ரூம்தான். சம்பளம் இல்லை, பதவி உயர்வு கேட்பதில்லை, சாட்சி சொல்ல வருவதில்லை. காவல் நிலையங்களில் எங்கெல்லாம் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஒரு பட்டியலே போட்டது: வாசல், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை, கழிப்பறைக்கு வெளியே. உள்ளே அல்ல. நியாயம்தானே, மனிதனுக்கு அந்தரங்கம் வேண்டாமா? அதனால் விழுகிற எல்லாரும் உள்ளேயே விழுகிறார்கள். எதிரிகள் மட்டும் வழுக்கி விழுகிறார்களே, அதே தரையில் போலீஸ்காரர்கள் ஏன் விழுவதில்லை என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. பதில் சுலபம். நாங்கள் கவாத்து கற்றவர்கள், எங்களுக்குச் சமநிலை உண்டு.

விழுந்தவனுக்கு மாவுக்கட்டு. எலும்புப் பிரிவுக்குப் போகப்போகிறவர்கள் கை தூக்குங்கள். உங்களைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒரு கை, ஒரு கால், வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு, முகத்தில் ஓர் அசட்டுப் பார்வை. அந்தப் போட்டோ வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவரும். இதற்கு நான் பயிற்சி தரத் தேவையே இல்லை, மக்களே தந்துவிட்டார்கள். ரவுடிக்கு மாவுக்கட்டு என்றதும் சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்தியது யார்? வெளியில் தேடாதீர்கள் டாக்டர், இந்த அறையில் எத்தனை பேர் அந்தப் படத்தை ஃபார்வர்டு செய்தீர்கள்? முறிந்த எலும்பைப் பார்த்து எப்படி முறிந்தது என்று கேட்க நாலரை வருஷம் படித்துவிட்டு, போட்டோ நல்லா வந்திருக்கு என்று சொன்னவர்கள் நீங்கள். அதனால்தான் சொல்கிறேன், என் வேலை பாதி முடிந்தே இருந்தது.

பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து யாராவது? இல்லையா. 2023-ல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு அழைத்துவந்தவர்களின் பற்களைப் பிடுங்கினார் என்று எங்கள் உதவிக் கண்காணிப்பாளர் ஒருவர் மேலேயே புகார் வந்து, பணியிடை நீக்கம் ஆனார். ஓ.பி. சீட்டு இல்லை, காத்திருப்பு இல்லை, மயக்க ஊசியும் இல்லை. உங்கள் துறையின் சுமையைக் குறைக்க நாங்கள் எவ்வளவு பாடுபடுகிறோம் பாருங்கள்.

ஏன் சிரிப்பு நின்றுவிட்டது? இன்னும் முக்கியப் பகுதிக்கே வரவில்லையே.

சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்று 2020 ஜூன் 19 அன்று செல்போன் கடை வைத்திருந்த ஓர் அப்பாவையும் மகனையும் கைது செய்தார்கள். ஜெயராஜ், பென்னிக்ஸ். மறுநாள் அரசு மருத்துவமனை. இரத்தத்தில் நனைந்து நனைந்து லுங்கியை மாற்றிக்கொண்டே இருந்தோம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த உடம்புகளுக்கு 'ஃபிட்' என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. கிடைத்ததா இல்லையா? கிடைத்தது. நீதித்துறை நடுவர் தூரத்தில் நின்று பார்த்தே சிறைக்கு அனுப்பினார் என்பது புகார். கோவில்பட்டிக் கிளைச் சிறை. 22-ஆம் தேதி இரவு மகன் செத்தார், 23-ஆம் தேதி காலை அப்பா செத்தார். ரிமாண்டுக்குத் தகுதியான இரண்டு பேர், மூன்று நாளைக்குள் பிரேதப் பரிசோதனைக்குத் தகுதி ஆனார்கள். பிறகு விசாரிக்கப் போன வேறொரு நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராப் பதிவு அன்றாடம் தானாகவே அழிந்துபோகிறபடி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்து உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். எதையும் மனசில் வைத்துக்கொள்ளாத கேமரா. எங்கள் பயிற்சிப் பள்ளியில் அதற்கு முதல் மதிப்பெண் கொடுத்திருப்போம்.

அன்றைய முதலமைச்சரின் அறிக்கையில் மகனுக்கு மூச்சுத் திணறல், அப்பாவுக்கு உடல்நலக் குறைவு. ஐந்து வருஷம் கழித்து, வேறு ஆட்சி, 2025 ஜூன் 28. திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார், நகை காணோம் என்ற புகாருக்காக விசாரிக்கப்பட்டார். முதல் தகவல் அறிக்கையில் அவருக்கு வலிப்பு. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். வலிப்பு 44 இடத்தில் அடிக்குமா என்று நரம்பியல் படித்தவர்கள் சொல்லுங்கள். கோவிலுக்குப் பின்னால் அடிப்பதை யாரோ ஒருவர் மறைந்து நின்று வீடியோ எடுத்துவிட்டார். இல்லாவிட்டால் வலிப்பு என்பதே நிலைத்திருக்கும். இந்த நாட்டில் ஆட்சி மாறினால் நோய்தான் மாறுகிறது. அந்த ஆட்சியில் மூச்சுத் திணறல், அதற்கடுத்த ஆட்சியில் வலிப்பு. அடுத்து வருகிறவர்களுக்கு என்ன நோய் பிடிக்கும் என்று பார்த்து இப்போதே பாடப் புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள்.

நடவடிக்கையே எடுக்கவில்லை என்று சொல்லாதீர்கள். சாத்தான்குளத்துக்குப் பிறகு அரசுக்கு வந்த கோபத்தில், 'போலீஸ் நண்பர்கள் குழு'வைத் தடை செய்தார்கள். போலீஸ் இருந்தது, நண்பர்கள் போனார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, எங்கள் ஆட்கள் சிறைக்குப் போனார்கள், அதை மறைக்கவில்லை. அந்த இரவு நடந்ததை ஒரு பெண் தலைமைக் காவலர், விசாரிக்கப் போன நடுவரிடம் பயந்து நடுங்கிக்கொண்டே சொல்லிவிட்டார். அவருக்குக் கவாத்து கற்றுக்கொடுத்தது நானில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

கேளுங்கள் மேடம். ஆமாம், நீங்கள் கேட்பது டி.கே. பாசு வழக்கு, 1996. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். கைதாகும்போது, அவர் கேட்டால், உடம்பில் இருக்கும் சின்னக் காயம், பெரிய காயம் எல்லாம் குறித்து, கைதானவரும் கையெழுத்துப் போட்டு, அவரிடமே ஒரு பிரதி கொடுக்க வேண்டும். எல்லாம் சரி. புத்தகம் படித்திருக்கிறீர்கள். "அப்போ ஆடையை எடுத்துப் பார்க்காமல் நான் எப்படி சார் ஃபிட் என்று எழுதுவது?" என்கிறீர்கள். உங்களைப் போல வருஷத்துக்கு ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார். கேட்டவர்களை நான் திட்டியதே இல்லை.

உங்களுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் சொல்கிறேன். பார்த்ததை எழுதுங்கள், யார் தடுத்தார்? எழுதிய பிறகு சம்மன் வரும். நீங்கள் மேற்படிப்புக்கு வேறு ஊர் போயிருப்பீர்கள், சம்மன் அங்கேயும் வரும். லீவு போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தால் வாய்தா. மறுபடி வந்தால் மறுபடி வாய்தா. கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல், நீங்கள் அன்றைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். இதில் எதுவும் மிரட்டல் இல்லை. நடைமுறை.

மிரட்டல் வேண்டுமென்றால் அது வேறு. நாளைக்கே ஓர் இரவு, குடித்துவிட்டு பைக்கில் மோதிச் செத்த ஒருவனின் ஆட்கள் அறுபது பேர் கேஷுவாலிட்டி கண்ணாடியை உடைப்பார்கள். நீங்கள் உள்ளே ட்ராலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு புறக்காவல் நிலையத்துக்குப் போன் போடுவீர்கள். வருவோம். நிச்சயம் வருவோம், அதற்குத்தானே உங்கள் வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். எவ்வளவு வேகமாக வருவோம் என்பது, முந்தின இரவு ஏட்டையாவுக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு வேகமாகக் கிடைத்தது என்பதைப் பொறுத்தது. உங்கள் பாதுகாப்பு என்று அரசு சொல்வதன் கணக்கு இவ்வளவுதான். உங்கள் உயிரை நாங்கள் காப்போம், எங்கள் எதிரியின் உயிரை நீங்கள் பார்க்காமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு கிண்டிக்கு முன்னாலும் இருந்தது. கிண்டிக்குப் பிறகு வசதியாகிவிட்டது, ஏனென்றால் இப்போது எங்களை உள்ளே வரச் சொல்லி நீங்களே போராடினீர்கள்.

கைதி வார்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கவுஹாத்தியில் மருத்துவமனைக் கட்டிலோடு கைதிகளை விலங்கும் கயிறும் போட்டுக் கட்டி வைத்திருந்ததைப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் பார்த்து உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நடுவரின் அனுமதி இல்லாமல் விலங்கு கூடாது என்று 1995-ல் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பால் நாங்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. 2024 ஜூலையிலிருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், சில வகைக் குற்றங்களுக்கு எங்களுக்கே விலங்கு மாட்ட அதிகாரம் கொடுத்துவிட்டது. டிரிப் ஏற்றுவதற்கு நரம்பு கிடைக்கவில்லை என்றால் விலங்கு இல்லாத கையில் தேடுங்கள்.

மேடம் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார். உட்காருங்கள் மேடம். நீங்கள் அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லப்போகிறீர்கள் என்று முகத்திலேயே தெரிகிறது. சொல்லுங்கள். உங்கள் பேரை டீன் அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்கிறேன், வேறொன்றுமில்லை, பயிற்சி அறிக்கையில் 'கவனத்துடன் கேட்டவர்' என்று குறிப்பிட.

சாப்பாடு வந்துவிட்டதாம். போவதற்கு முன், இந்தப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பேர், பதிவு எண், கையெழுத்து. தேதி, நேரம், என்ன கற்றுக்கொண்டீர்கள் என்ற மூன்று கட்டங்களையும் காலியாக விட்டுவிடுங்கள். ஸ்டேஷனுக்குப் போய் நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்.